ஓடுகிறவை

செவ்வரத்தையின் நுனிக் குருத்து
பொத்திய கை மாதிரிச் சுருண்டு கிடந்தது.
விரித்துப் பார்த்தால் உள்ளே
ஈர அரிசிமா.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
யன்னல் கம்பியைத் தின்று முடித்த கடற்காற்று
என் ஒன்பது பூச்சாடிகளையும்
ஒருமுறை நக்கிவிட்டுத்தான் போகும்.
உப்பைத் தாங்கின செடிதான்,
பூச்சிக்குத் தோற்றது.

எறும்புகளைப் பங்குனியிலேயே
மறித்துக் கேட்டிருக்க வேண்டும்.
தண்ணீர்க் குழாயின் பின்பக்கமாக
அப்படி வரிசை கட்டி ஏறினவை
சும்மாவா ஏறின?
மேலே யாரோ தேன்கடை போட்டிருந்தார்கள்.

ஆனால் அப்போது எனக்கு ரோசாவின் கவலை.
இலையில் கறுப்புப் பொட்டு,
பொட்டைச் சுற்றி மஞ்சள்,
மஞ்சள் முற்றினால் காம்போடு கழன்று விழும்.
'பின்னேரத்தில் தலைக்கு ஊத்தாதீங்க மிஸ்'
என்றான் விதைக்கடைப் பெடியன்.
வேலைக்குப் போகிறவளுக்குப்
பின்னேரத்தை விட்டால் என்ன இருக்கிறது?
விடிய ஐந்து மணிக்கு எழும்பி
வேருக்கு மட்டும் ஊற்றினேன்.
விழுந்த இலைகளைப் பொறுக்கி
இரண்டு பையில் போட்டு முடிச்சிட்டு
லிஃப்டில் கீழே அனுப்பினேன்.
ரோசா ஒருமாதிரித் தப்பிவிட்டது.
திரும்பிப் பார்க்கையில்
செவ்வரத்தை நரைத்திருந்தது.

காலி வீதியில் கண்ணாடிக் கடையில் வேலை எனக்கு.
வில்லையில் கீறல் பார்க்கிற லூப்பை
முதலாளிக்குச் சொல்லாமல்
கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
பத்து மடங்கில் பார்த்தால்
மாவுக்குக் கால்கள் இருந்தன.

சன்லைட் சவர்க்காரம் சீவிக் கரைத்து
வேப்பெண்ணெய் இரண்டு மூடி விட்டுக் குலுக்கினேன்.
தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு
சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் போனான்.
ஒரு பழைய பல் பிரஷ்.
இலையின் அடிப்பக்கம், கணு, மொட்டின் கழுத்து.
தேய்க்கத் தேய்க்க வெள்ளை பஞ்சாய்த் திரண்டு
விரல் நுனி செம்மஞ்சளாய்ப் பிசுபிசுத்தது.

அதிலே சில மட்டும் பெரிசு.
உடம்பு முழுக்க வெள்ளைத் தும்பு தொங்க
அவை ஓடின.
ஓடுகிறது என்றால் குற்றம் செய்ததுதான் என்று
அவற்றைத்தான் முதலில் நசுக்கினேன்.
கடதாசியில் வரிசையாய் வைத்தேன், பதினேழு.
எண்ணும்போது ஒரு சந்தோசமும் இருந்தது,
பொய் சொல்லக்கூடாது.

காய்ந்த உடுப்பு எடுக்க மொட்டை மாடிக்குப் போன
மூன்றாம் மாடி நிஹாரா
வாளியோடு வாசலில் நின்று பார்த்தாள்.
'அல்லாவே, இத ஏன் கொன்ட?
மாவுப்பூச்சி இப்பிடி ஓடுமா?
இது அதத் தின்னுற வண்டுட குஞ்சு.'

'அப்ப ஏன் அதே மாதிரி இருக்குது?'

'எறும்பு காவல் நிக்குதே.
வேற உடுப்புல வந்தா உள்ளுக்கு விடுமா?'

வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.
நான் கடதாசியோடு நின்றேன்.
நான் சின்னவளாய் இருந்தபோது
கீழே தெரிகிற இதே காலி வீதியில்
பஸ்ஸுக்குக்கூட ஓட விட்டதில்லை அம்மா.
'பஸ் போனால் போகட்டும், நட.'
நூற்றியொன்று எத்தனை தவறவிட்டிருப்போம்
நடந்து நடந்து.

பதினேழையும் என்ன செய்வதென்று தெரியாமல்
சாடி மண்ணிலேயே கொட்டினேன்.

இப்போது குழாயைச் சுற்றி வாஸ்லீன் பூசியிருக்கிறேன்.
எறும்பு அதுவரை வந்து, யோசித்துத் திரும்புகிறது.
எட்டுச் சாடிக்குக் கிழமைக்கொருமுறை சவர்க்காரத் தண்ணீர்.
ஒன்றை மட்டும்,
மிக மோசமான ஒன்றை,
தொடாமல் விட்டிருக்கிறேன்.
அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் முடியவில்லை,
அவ்வளவு அசிங்கமாய் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், அதன் இலைக்கடியில்
வெள்ளையாய் ஒன்று, கொஞ்சம் பெரிசாய்.
லூப் கடைக்குத் திரும்பிவிட்டது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
வெறுங்கண்ணால் பார்க்கிறேன்:
ஓடு.

பாணந்துறை ரயில் போகிறது, கட்டிடம் அதிர்கிறது.
இலை ஆடுகிறது.
அதுவும் இலையோடு சேர்ந்து ஆடுகிறது.